நிக்காஹும் நீதிமன்றமும்: ஒரு வரைவிலக்கணத்தின் வரலாறு

திருமணம் என்றால் என்ன என்பதை யார் சொல்வது? மார்க்கமா, அரசா, நீதிமன்றமா? கடந்த கால் நூற்றாண்டில் பல நாடுகளை இரண்டுபடுத்திய கேள்வி இது. 2001 இல் நெதர்லாந்து ஒருபாலார் திருமணத்துக்குச் சட்ட அங்கீகாரம் வழங்கியது. 2003 இல் பெல்ஜியமும், 2005 இல் ஸ்பெயினும் கனடாவும், 2006 இல் தென்னாபிரிக்காவும் அதைத் தொடர்ந்தன. 2015 ஜூனில் ஐக்கிய அமெரிக்காவின் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அதே முடிவுக்கு வந்தது. 2023 ஒக்டோபரில் இந்திய உச்ச நீதிமன்றம், இது சட்டமியற்றும் சபைகளுக்குரிய வேலை என்று கூறி அங்கீகாரம் வழங்க மறுத்தது.

எமது சூழலில் இந்த விவகாரம் ஒரே வரியில் முடிந்துவிடும். "மேற்கின் சீரழிவு" என்போம். அடுத்த பக்கத்தைப் புரட்டுவோம். மார்க்கத் தீர்ப்பைப் பொறுத்தவரை எனக்கும் ஐயமில்லை. நிக்காஹ் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையிலான உடன்படிக்கை. நான்கு மத்ஹபுகளிலும் இதற்கு மாற்றுக் கருத்துக் கிடையாது. இக்கட்டுரை அதைப் பற்றியதன்று. வரலாறு படிப்பித்துப் பழகியவன் என்ற முறையில் என்னை ஈர்த்தது வேறொன்று.

ஒருபாலார் திருமணத்தை எதிர்த்தோர் உலகெங்கும் உயர்த்திப் பிடித்த ஒரு வாசகம் உண்டு. ஓர் ஆணும் ஒரு பெண்ணும், வேறெவருக்கும் இடமின்றி, ஆயுள் முழுவதற்குமாகத் தாமே விரும்பி இணைவதுதான் திருமணம் என்பது அதன் சாரம். எம்மவர் சிலரும் இதை இஸ்லாத்தின் நிலைப்பாடு போலவே எடுத்தெழுதுகின்றனர். அந்த வாசகம் எங்கிருந்து வந்தது, யாருக்கு எதிராக முதலில் பயன்பட்டது என்று தேடிப் போனபோது நான் கண்டவற்றையே இங்கு எழுதுகிறேன். அது எம்முடைய வாசகம் அன்று. எமது தாய்மாரையும் விதவைகளையும் சட்டத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்த வாசகம் அது.

ஹைட்டின் வழக்கு

1866 மார்ச்சில் இலண்டன் விவாகரத்து நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. வழக்காளி ஜோன் ஹைட் என்ற ஆங்கிலேயர். இளமையில் மோர்மன் சமயத்தைத் தழுவிய இவர், 1853 இல் அமெரிக்காவின் யூட்டா பிரதேசத்திலுள்ள சோல்ட் லேக் நகரில் லவினியா என்ற பெண்ணை மணந்தார். மோர்மன்களின் தலைவரான பிரிகாம் யங்தான் அத்திருமணத்தை நடத்திவைத்தார். பின்னர் சமயப் பிரசாரத்துக்காக ஹவாய்த் தீவுகளுக்கு அனுப்பப்பட்ட ஹைட், நம்பிக்கை இழந்து, சேர்ந்த சமயத்துக்கு எதிராகவே பேசத் தொடங்கினார். மோர்மன் சபை அவரை விலக்கியது. அவருடைய மனைவி மறுமணம் செய்யலாம் என்றும் அறிவித்தது. அவரும் வூட்மன்சீ என்பவரை மணந்துகொண்டார். இங்கிலாந்து திரும்பிக் கிறிஸ்தவப் போதகரான ஹைட், தம் மனைவி வேறொருவருடன் வாழ்கிறார் என்று கூறி விவாகரத்துக் கோரினார்.

வழக்கை விசாரித்தவர் பென்சான்ஸ் பிரபு. ஹைட் ஒரு மனைவிக்கு மேல் மணந்தவர் அல்லர். அவர்களுடைய இல்லறத்தில் பலதார மணம் நிகழவேயில்லை. ஆனாலும் மோர்மன் வழக்கம் பலதார மணத்தை அனுமதிக்கிறது. அவ்வழக்கத்தின் கீழ் செய்யப்பட்ட மணம், கணவனுக்கு ஒரே மனைவி இருந்தாலும்கூட, கிறிஸ்தவ உலகம் விளங்கிக்கொள்ளும் பொருளில் திருமணம் ஆகாது என்றார் நீதிபதி. அந்தப் பொருள் என்ன என்பதைச் சொல்லும்போதுதான் மேலே நான் குறிப்பிட்ட வாசகம் பிறந்தது. திருமணமே இல்லாத இடத்தில் விவாகரத்துக்கு வேலையில்லை. வழக்குத் தள்ளுபடியாயிற்று.

இத்தீர்ப்பில் இரண்டு விடயங்கள் நோக்கத்தக்கன. ஒன்று, ஆயுள் முழுவதற்குமான இணைப்பு என்று சொன்ன நீதிபதி அமர்ந்திருந்ததே விவாகரத்து நீதிமன்றத்தில். இங்கிலாந்தில் நீதிமன்ற விவாகரத்துக்கு வழிவிட்ட 1857 ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர் தோன்றிய நீதிமன்றம் அது. ஆகவே வரைவிலக்கணம் பிறந்தபோதே நடைமுறையிலிருந்து விலகியிருந்தது. மற்றையது, பென்சான்ஸ் பிரபு தமது தீர்ப்புக்குத் தாமே ஓர் எல்லை வகுத்தார். அத்தகைய மணங்களில் பிறந்த பிள்ளைகளின் வாரிசுரிமை பற்றியோ, அவர்கள் சட்டபூர்வமான பிள்ளைகளா என்பது பற்றியோ தாம் எதுவும் தீர்மானிக்கவில்லை என்று தெளிவாகச் சொன்னார். தமது நீதிமன்றத்தின் பரிகாரங்களை அவர்கள் கோர முடியாது என்பது மட்டுமே அவர் தீர்ப்பு.

பின்வந்தோர் வரைவிலக்கணத்தை எடுத்துக்கொண்டார்கள், எல்லையை விட்டுவிட்டார்கள். 1888 இல் பெதெல் என்ற ஆங்கிலேயரின் சொத்து வழக்கு இலண்டனுக்கு வந்தது. அவர் தென்னாபிரிக்காவின் பெச்சுவானாலாந்தில் ரோலோங் இனப் பெண் ஒருவரை அவர்களது வழக்கப்படி மணந்து, 1884 இல் அங்கு நடந்த சண்டையில் கொல்லப்பட்டவர். அது திருமணமே அல்ல என்றது நீதிமன்றம். அவருடைய மகளுக்குத் தகப்பனின் சொத்தில் பங்கு கிடைக்கவில்லை. வரைவிலக்கணத்தின் முதல் விலையைக் கொடுத்தவள் ஒரு குழந்தை.

கேப்பிலும் டிரான்ஸ்வாலிலும்

இனித் தென்னாபிரிக்காவுக்கு வருவோம். இவ்வாசகத்தின் முழுப் பயணத்தையும் ஒரே நாட்டில் காணக்கூடிய இடம் அதுதான். அங்குள்ள முஸ்லிம்களை எமக்கு அந்நியராகக் கொள்ள வேண்டியதுமில்லை. மக்காசாரைச் சேர்ந்த ஷெய்க் யூசுபை ஒல்லாந்தர் 1684 இல் இலங்கைக்கு நாடுகடத்தினர். சுமார் பத்தாண்டுகள் இங்கு வாழ்ந்து, நூல்கள் எழுதி, மாணாக்கரை உருவாக்கிய அவரை 1694 இல் கேப்புக்கு அனுப்பினர். 1699 இல் அங்கேயே அவர் வபாத்தானார். இலங்கை மலாயரும் கேப் மலாயரும் ஒரே நாடுகடத்தலின் இரு கரைகளில் வாழ்பவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழ்த் தொழிலாளரும், அவர்கள் பின்னால் குஜராத்தி முஸ்லிம் வணிகரும் வந்து சேர்ந்தனர்.

1905 இல் டிரான்ஸ்வால் நீதிமன்றத்தில் முஸ்லிம் திருமணம் தொடர்பான வழக்கொன்று வந்தது. பிரதம நீதியரசர் ஜேம்ஸ் ரோஸ் இன்னஸ், ஹைட் வழக்கின் வாசகத்தை ஒத்த ஒரு வரைவிலக்கணத்தை அதில் முன்வைத்தார். பலதார மணத்துக்கு இடமளிக்கும் மார்க்கத்தின்படி நடந்த மணம் அதற்குள் அடங்கவில்லை. கணவனுக்கு எத்தனை மனைவியர் என்பது கேள்வியே அல்ல. இன்னொருத்தியை மணக்க அவனுடைய மார்க்கம் அனுமதிக்கிறது என்பதே போதுமானதாயிற்று. ஒருத்தியோடு வாழ்ந்து ஒருத்தியோடே மையவாடிக்குப் போன மனிதரின் நிக்காஹும் இவ்வாறு சட்டத்தின் கண்ணில் இல்லாமற் போனது.

1913 மார்ச் 14 இல் கேப் உயர் நீதிமன்ற நீதியரசர் சேர்ல் வழங்கிய தீர்ப்பு இதன் உச்சம். தென்னாபிரிக்காவில் வாழ்ந்த ஹசன் எசொப் என்பவர் இந்தியாவில் பாய் மரியம் என்ற பெண்ணை நிக்காஹ் செய்து அழைத்து வந்தார். மனைவியர் நாட்டுக்குள் வரலாம் என்றது குடிவரவுச் சட்டம். ஆனால் பாய் மரியம் சட்டத்தின் பொருளில் மனைவி அல்லர் என்றார் நீதியரசர். கிறிஸ்தவ முறைப்படியோ பதிவாளர் முன்னிலையிலோ நடக்காத இந்தியத் திருமணங்கள் யாவும், முஸ்லிமுடையவை மட்டுமல்ல, இந்துக்களுடையவையும் பார்சிகளுடையவையும், ஒரே நாளில் கேள்விக்குள்ளாயின.

தமிழருக்குப் பரிச்சயமான கதை இதன் பிறகு வருவது. மூன்று பவுண் வரியும் இத்திருமணத் தீர்ப்பும் சேர்ந்து காந்தியின் சத்தியாக்கிரகத்தில் முதன்முறையாகப் பெண்களை இறக்கிவிட்டன. கஸ்தூரிபா சிறை சென்றார். டிரான்ஸ்வாலின் தமிழ்ப் பெண்கள் எல்லை தாண்டி நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குச் சென்று தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தனர். கைதாகிக் கடூழியச் சிறை அனுபவித்தனர். சிறையில் நோயுற்று விடுதலையான தில்லையாடி வள்ளியம்மை, 1914 பெப்ரவரி 22 இல் தம் பதினாறாவது வயதில் இறந்தார். வள்ளியம்மையை நாம் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஆனால் அந்தப் போராட்டத்தின் ஒரு வேர், ஒரு முஸ்லிம் பெண்ணின் நிக்காஹை நீதிமன்றம் ஏற்க மறுத்ததில் இருக்கிறது என்பதை எமது பாடப்புத்தகங்கள் சொன்னதில்லை. தமிழும் இஸ்லாமும் வேறுவேறாக எழுதப்பட்டமையின் இழப்புகளில் இதுவும் ஒன்று.

1914 ஆம் ஆண்டின் இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை நீக்கியது; திருமணத்தில் பாதி வழிதான் வந்தது. ஒரே மனைவி உள்ளவர் தம் மணத்தைப் பதிந்துகொள்ளலாம், ஒரு மனைவி நாட்டுக்குள் வரலாம். பதியாத நிக்காஹ் நின்ற இடத்திலேயே நின்றது. 1917 இல், இன்னஸ் தலைமையிலான மேன்முறையீட்டு நீதிமன்றம், இறந்துபோன முஸ்லிம் ஒருவரின் சொத்து தொடர்பான வழக்கில் அதே வரைவிலக்கணத்தை உறுதிசெய்தது. 1983 ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இன்னொரு வழக்கு இருக்கிறது. தலாக் சொல்லப்பட்ட மனைவி ஒருவர், நிலுவையிலிருந்த தாபரிப்பையும் மஹரையும் நகைகளையும் கேட்டு வழக்குத் தொடுத்தார். இத்தகைய மணம் பொதுக் கொள்கைக்கு மாறானது. அதிலிருந்து எழும் எந்தக் கோரிக்கையையும் நீதிமன்றம் செயற்படுத்தாது என்று அவருக்குப் பதில் கிடைத்தது. மஹர் அந்தப் பெண்ணின் ஹக்கு. அதை மறுத்தது கணவன் மட்டுமல்ல, வரைவிலக்கணமும்தான்.

இலங்கை போன வழி

இதே ஆங்கிலேயர்தான் இங்கும் ஆண்டனர். ஆனால் இங்கு நிலைமை வேறு. அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால் 1806 இல் முஹம்மதியச் சட்டக்கோவை வெளியாயிற்று. எமது விவாகமும் வாரிசுரிமையும் எமது வழமைப்படி தீர்க்கப்படலாயின. 1907 ஆம் ஆண்டின் பொது விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தை வாசிக்கும்போது ஒரு வேடிக்கையைக் காணலாம். விவாகம் என்ற சொல்லுக்கு அது தரும் பொருளில் கண்டியர் சட்டத்தின் கீழான விவாகங்களும் முஸ்லிம்களுக்கிடையிலான விவாகங்களும் அடங்கமாட்டா. அதாவது, இலங்கையின் பொதுச் சட்டத்திலும் நாம் வரைவிலக்கணத்துக்கு வெளியேதான். ஆனால் இங்கு வெளியே என்பது வெறும் வெளி அன்று; அங்கே எமக்கென ஒரு வீடு கட்டப்பட்டிருந்தது. 1929 இன் பதிவுச் சட்டமும் 1951 இன் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமும் காதி நீதிமன்றங்களும் அந்த வீட்டின் சுவர்கள். பதியப்படவில்லை என்ற காரணத்துக்காக மட்டும் எந்த முஸ்லிம் விவாகமும் செல்லுபடியற்றதாகாது என 1951 சட்டம் சொல்கிறது. பாய் மரியத்துக்குக் கிடைக்காத வாசகம் இதுதான்.

எல்லோருக்கும் இந்தச் சலுகை கிடைக்கவில்லை. கண்டியச் சிங்களவரின் வழமைச் சட்டம் ஒரு பெண் சகோதரர் இருவரை மணந்து வாழ்வதை ஏற்றிருந்தது. 1859 இன் கட்டளைச் சட்டம் அதையும் பலதார மணத்தையும் தடைசெய்து, பதிவைக் கட்டாயமாக்கியது. பதிவுக்குப் பழகாத மக்களின் மணங்கள் சட்டத்தில் இல்லாதனவாகிப் பிள்ளைகளின் உரிமைகள் சிக்கலுக்குள்ளாயின. 1870 இல் புதிய கட்டளைச் சட்டம் கொண்டுவர நேர்ந்தது. அங்கும் விலை கொடுத்தோர் பிள்ளைகளே.

1965 இல் ஒரு வழக்கு இலங்கையிலிருந்து இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. கிறிஸ்தவ முறைப்படி முன்னரே மணமான ஒருவர், 1959 இல் இஸ்லாத்துக்கு மாறி, 1951 சட்டத்தின் கீழ் இன்னொரு பெண்ணை மணந்திருந்தார். இது குற்றமல்ல என்றது கோமறைக் கழகம். பல இனங்களும் பல சமயங்களும் பல விவாகச் சட்டங்களும் உள்ள நாட்டில் ஒருவர் தம் சமயத்தையும் அதனோடு சேர்ந்த சட்டத்தையும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் நியாயம். 1990களின் பிற்பகுதியில் எமது உயர் நீதிமன்றம் இந்நிலைப்பாட்டைக் கைவிட்டது. முதல் மனைவியை ஏமாற்றுவதற்கு மதமாற்றம் வழியாகக் கூடாது என்பதில் நியாயம் உண்டு. கலிமா சொல்வது இரண்டாம் தாரத்துக்கான அனுமதிச்சீட்டாவதை நாமும் விரும்பவில்லை.

இரு தீர்ப்புகள், ஒரு நீதியரசர்

மீண்டும் தென்னாபிரிக்கா. நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின் 1996 இல் நிறைவேறிய அரசியலமைப்பு, இனம், மதம், பால், திருமண நிலை ஆகியவற்றோடு பாலியல் நாட்டத்தையும் பாகுபாட்டுக்குரிய காரணமாகக் கொள்ளக்கூடாது என்று எழுதியது. அதே அரசியலமைப்பு, மத மரபுப்படி நடக்கும் மணங்களை அங்கீகரிக்கச் சட்டம் இயற்றலாம் என்றும் சொன்னது. ஒரே ஏட்டில் இரண்டு வாசல்கள்.

1999 இல் பிரதம நீதியரசர் இஸ்மாயில் முஹம்மது, விபத்தில் கணவனை இழந்த முஸ்லிம் விதவைக்கு நட்டஈடு பெறும் உரிமை உண்டு எனத் தீர்த்தார். 2004 இல் கேப் டவுனைச் சேர்ந்த இன்னொரு விதவையின் வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு வந்தது. கணவர் மரணசாசனம் எழுதாமல் இறந்துவிட்டார். முஸ்லிம் முறைப்படி மணந்தவர் என்பதால் நீங்கள் சட்டப்படி மனைவி அல்லர். வீட்டுக்கு உரித்தாளியும் அல்லர் என்று அதிகாரிகள் சொன்னார்கள். பல ஆண்டு இல்லறத்தின் பின் ஒரு பெண்ணுக்குச் சொல்லப்பட்ட வார்த்தை இது. வாழ்க்கைத்துணை என்ற சொல்லுக்கு வழக்கமாக எவரும் கொள்ளும் பொருளில் அவர் மனைவியே என்று தீர்ப்பெழுதினார் நீதியரசர் அல்பி சக்ஸ். நிறவெறிக்கு எதிரான போராட்டத்தில் குண்டுவெடிப்பில் ஒரு கையை இழந்தவர் அவர்.

அடுத்த ஆண்டு, 2005 டிசெம்பர் 1 இல், அதே அல்பி சக்ஸ்தான் பெண்கள் இருவர் தொடுத்த வழக்கில் ஒருபாலார் திருமணத் தீர்ப்பையும் எழுதினார். அங்கு தடையாக நின்றவை இரண்டு. 1961 ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் மணமக்களைச் சொல்லவைத்த உறுதிமொழியிலுள்ள கணவன், மனைவி என்ற சொற்கள் ஒன்று. பொதுச் சட்டத்தின் வரைவிலக்கணம் மற்றையது. அந்த வரைவிலக்கணம் தென்னாபிரிக்கச் சட்டத்தில் எங்கே வேர்விட்டது என்று பார்த்தால், 1905, 1917, 1983 என்று அதே வழக்குகளே வரிசையாக நிற்கின்றன. மூன்றும் முஸ்லிம்களின் வழக்குகள். எமது நிக்காஹை வெளியே தள்ளச் செதுக்கப்பட்ட கல்லே நூறு ஆண்டுகளின் பின் இன்னொரு சாராருக்கும் தடுப்புச் சுவரானது. இதை வாசித்தபோது நான் நெடுநேரம் பக்கத்தைப் புரட்டாமல் இருந்தேன்.

பாராளுமன்றத்துக்கு ஒரு வருட அவகாசம் கொடுக்கப்பட்டது. 2006 நவம்பர் 30 இல் சிவில் இணைப்புச் சட்டம் அமுலுக்கு வந்தது. மதகுரு எவரும் தம் மார்க்கத்துக்கு மாறான மணத்தை நடத்தி வைக்கக் கட்டாயப்படுத்தப்படவில்லை. நிக்காஹின் நிலை என்ன? சட்ட மறுசீரமைப்பு ஆணைக்குழுவின் முஸ்லிம் விவாக அறிக்கை 2003 இலேயே தயாராகிவிட்டது. சட்டமூலம் 2010 இல் வெளியிடப்பட்டது. ஆனால் உலமாக்கள் இரண்டுபட்டு நின்றனர். அரசு அங்கீகரித்தால் பெண்களின் உரிமை காக்கப்படும் என்றனர் ஒரு சாரார். மார்க்கம் அறியாத நீதிபதிகள் தலாக்கையும் பராமரிப்பையும் தீர்மானிப்பர், அரசியலமைப்பின் சமத்துவ விதி ஷரீஆவுக்குள் நுழையும் என்றனர் மறு சாரார். இரு தரப்பு அச்சங்களிலும் உண்மை இருந்தது. சட்டமூலம் கிடப்பில் கிடந்தது.

2009 இல் பலதார மணத்து விதவைகளுக்கும் வாரிசுரிமை நீதிமன்றத்தால் கிடைத்தது. 2014 இல் நூற்றுக்கும் மேற்பட்ட இமாம்கள் அரச விவாகப் பதிவாளராக நியமனம் பெற்றனர். ஈற்றில் 2022 ஜூன் 28 இல் அரசியலமைப்பு நீதிமன்றம், நிக்காஹை அங்கீகரிக்கத் தவறிய திருமணச் சட்டமும் விவாகரத்துச் சட்டமும் அரசியலமைப்புக்கு முரணானவை என்றது. வழக்கைக் கொண்டுவந்தது உலமா சபை அன்று. பெண்களுக்கான சட்ட மையம் ஒன்று. 2024 இல் விவாகரத்துச் சட்டம் திருத்தப்பட்டு, முஸ்லிம் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் பாதுகாப்பு எழுத்தில் வந்தது. ஒருபாலார் இணைப்புக்குக் கிடைத்த அங்கீகாரத்துக்கும் இதற்கும் இடையே ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகள். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக அம்மண்ணில் வாழும் சமூகம் பின்னால் நின்றது.

மாறியதும் மாறாததும்

பென்சான்ஸ் பிரபுவின் வாசகம் மற்ற நாடுகளில் என்னவாயிற்று என்பதையும் பார்ப்போம். இங்கிலாந்து 1972 இல் சட்டமியற்றி, பலதார மணமுறையில் இணைந்தோரும் விவாகரத்து, தாபரிப்பு முதலான பரிகாரங்களைக் கோரலாம் என்றது. இவ்வாறு பிறந்த இடத்தில் அந்த விதி கைவிடப்பட்டது. ஆனால் வாசகம் சாகவில்லை. 2004 இல் அவுஸ்திரேலியப் பாராளுமன்றம் ஒருபாலார் திருமணத்தைத் தடுப்பதற்காக அதை ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் தன் திருமணச் சட்டத்தில் சேர்த்தது. 2017 இல் தபால்மூல வாக்கெடுப்பில் 61.6 வீதத்தினர் மாற்றத்தை ஆதரித்தனர். முஸ்லிம்கள் செறிந்து வாழும் மேற்குச் சிட்னியின் பிளக்ஸ்லண்ட் தொகுதியில் 73.9 வீதத்தினர் எதிர்த்து வாக்களித்தனர். நாடு முழுவதிலும் மிகக் கூடிய எதிர்ப்பு அங்கேதான். அவர்கள் காத்து நின்ற வாசகம் தம் மூதாதையரின் மணங்களைத் திருமணமே அல்ல என்ற வாசகம் என்பதை அவர்களில் எத்தனை பேர் அறிந்திருப்பர்?

மாற்றம் எப்படி எழுதப்பட்டது என்பது இன்னும் கவனத்துக்குரியது. 2003 ஜூனில் கனடாவின் ஒன்டாரியோ நீதிமன்றம் ஓர் ஆண், ஒரு பெண் என்பதை இரு நபர்கள் என்று மாற்றியது. 2017 டிசெம்பரில் அவுஸ்திரேலியாவும் இரு மனிதர்கள் என்றது. வேறெவருக்கும் இடமின்றி என்ற பகுதியை இரு நாடுகளும் அப்படியே வைத்துக்கொண்டன. ஹைட் வழக்கில் ஆண், பெண் என்பது கேள்வியாகவே இருக்கவில்லை, எண்ணிக்கைதான் கேள்வி. அந்த எண்ணிக்கை மட்டும் அசையாமல் நிற்கிறது. 2015 இன் அமெரிக்கத் தீர்ப்பில் மாறுபட்டு எழுதிய பிரதம நீதியரசர் ஜோன் ரொபர்ட்ஸ், ஆண், பெண் என்பதை அகற்றலாமெனில் இரண்டு என்ற எண் மட்டும் ஏன் நிலைக்க வேண்டும் என்று கேட்டார். எச்சரிக்கையாகக் கேட்ட கேள்வி அது. வரலாறாகப் பார்த்தால் கேள்வியில் பொருள் உண்டு.

எமது நிலை

இந்த வரலாற்றிலிருந்து இரண்டு அவசர முடிவுகளுக்கு வரலாம். முன்பு எம்மை ஒதுக்கியது போலவே இன்று ஒருபாலாரை ஒதுக்குகின்றனர், ஆகவே முஸ்லிம்கள் அவர்களது திருமணத்தை ஆதரித்தேயாக வேண்டும் என்பது ஒன்று. அப்படி நான் சொல்லவில்லை. ஒரே கல்லால் காயப்பட்ட இருவர் ஒரே கொள்கையினர் ஆகிவிடுவதில்லை. அரசின் வரைவிலக்கணம் எப்போதும் எமக்கு எதிரி, அதை நாம் பொருட்படுத்தவே தேவையில்லை என்பது மற்றையது. வீட்டை இழக்கவிருந்த கேப் டவுன் விதவையிடம் அதைச் சொல்ல என்னால் முடியாது.

எமது பிக்ஹ் மரபு இவ்விரண்டையும் விட நிதானமானது. தமக்கு நிக்காஹ் எது என்பதில் புகஹாக்கள் தளரவில்லை. ஆயினும், முஸ்லிம் ஆட்சியின் கீழ் வாழும் பிறரின் மணங்களை அவரவர் மார்க்கப்படி ஏற்றார்கள். 1350 இல் காலமான இப்னுல் கையிம், திம்மிகள் பற்றிய தமது பெருநூலில், தாயையும் சகோதரியையும் மணக்கும் மஜூசிகளின் வழக்கத்தை எடுத்துக்கொண்டார். எமது பார்வையில் அது கடும் ஹராம். ஆனால் அது தமது மார்க்கத்தில் ஆகுமானது என அவர்கள் நம்பி, எமது நீதிபதியிடம் வழக்குக் கொண்டு வராதிருக்கும்வரை அவர்கள் அவ்வாறே விடப்படுவர் என்பது அவர் எழுதியதன் சாரம். ஹராமை அவர் ஹலாலாக்கவில்லை. எமக்குரிய வரைவிலக்கணம் வேறு, மற்றவரை ஆளும் அதிகாரத்தின் எல்லை வேறு என்று பிரித்துவைத்தார். ஒரேயொரு பொருளை எல்லோர் மேலும் சுமத்திய பென்சான்ஸ் பிரபுவின் வாசகத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இலங்கையில் இவ்விவாதம் திருமணம் வரை வரவில்லை. அது 1883 இல் ஆங்கிலேயர் எழுதிய தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளில் நிற்கிறது. 1995 திருத்தம் அதைப் பெண்களுக்கும் விரித்தது. 2023 மே மாதத்தில் உயர் நீதிமன்றம், அப்பிரிவுகளை மாற்றும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்றது. விவாதம் என்றோ ஒருநாள் எம் வாசலுக்கும் வரும். அப்போது எமக்குத் தேவைப்படுவது கடன் வாங்கிய வாசகம் அன்று. எமது சொந்த நியாயம்.

அதற்கு முன் எமது வீட்டுக்குள்ளும் ஒரு கணக்குப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1951 சட்டத்தைத் திருத்துவதற்கென 2009 இல் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் அமைந்த குழு, ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2018 இல், உடன்பாடின்றிப் பிரிந்தே அறிக்கை கொடுத்தது. மணமகளின் கையொப்பம், விவாக வயது, காதி பதவியில் பெண்கள் ஆகிய கேள்விகளில் நாம் இன்னும் தர்க்கித்துக்கொண்டிருக்கிறோம். அச்சட்டம் காவின் எழுதும்போது மணமகனின் கையொப்பத்தையும் வலீயின் கையொப்பத்தையும் கேட்டது. மணமகளின் கையொப்பத்தைக் கேட்கவில்லை. பெண்ணின் சம்மதத்தைக் கேட்கச் சொன்ன மார்க்கத்தின் பெயரால் எழுதப்பட்ட படிவம் அது.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட இவ்வரலாற்றில் எனக்குத் தெரியும் முகங்கள் நீதிபதிகளுடையவை அல்ல. தகப்பனின் சொத்தில்லாமற் போன பெதெலின் மகள், துறைமுகத்திலே மறிக்கப்பட்ட பாய் மரியம், மஹர் மறுக்கப்பட்ட மனைவி, வீட்டுக்கு உரித்தில்லை என்று சொல்லப்பட்ட விதவை ஆகியோரின் முகங்களே அவை. வரைவிலக்கணம் எழுதியவர்கள் எவரும் இவர்களை அழைத்து ஒரு வார்த்தை கேட்டதாக எந்தத் தீர்ப்பிலும் நான் காணவில்லை. எமது சட்டத்தைத் திருத்த உட்காரும் அடுத்த குழு, கிதாபுகளைத் திறக்கும் அதே மேசையில், காதி நீதிமன்ற வாசலில் காத்திருக்கும் பெண்களுக்கும் ஒரு கதிரை போடட்டும்.